மடுவுக்குப் போட்ட பாய்

விடியும்போது கடல் ஏற்றம் வடிந்து ஆறு சரிவை விட்டு இறங்கியிருக்கும். அது திரும்பி ஏறி வருவதற்குள் விளார் வடங்களைக் கட்டி முடித்துவிட வேண்டும். அதனால் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே சேற்றில் நின்றிருப்போம். அக்டோபர் மாதம். சேற்றின் மேல் பனி மெல்லிய தகடாக உறைந்திருக்கும். பூட்ஸை வைத்தால் தகடு நொறுங்கும். கீழே இருக்கும் சேறு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விடாது. வில்லோ விளார்களைத் தொடைக் கனத்துக்குச் சேர்த்து, பச்சை விளாரையே முறுக்கி இறுக்கி, நீள நீளமான வடங்களாக்குவோம். வடங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அவை சந்திக்கும் இடமெல்லாம் தார்க்கயிற்றால் முடிச்சுப் போடுவோம். அதன்மேல் விளார்க் கட்டுகளை ஓர் அடுக்கு நெடுக்கில், ஓர் அடுக்கு குறுக்கில், மூன்றாவது மறுபடி நெடுக்கில். அதற்கும் மேலே மறுபடி வடங்கள். கடைசியாகக் கூடை முடைவதுபோல் முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன வேலிகள், மேலே போடும் கல் உருண்டுவிடாமல் இருக்க. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எங்கள் தேவாலயத்தின் தரையைவிடப் பெரிய பாயாகக் கிடக்கும்.

அந்தப் பாயைக் கல்லேற்றி ஆற்றின் அடியில் விரிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

மெர்வேட ஆறு எங்கள் ஊருக்கு முன்னால் வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் நாங்கள். வேகமாக வரும் தண்ணீர் எங்கள் கரையில் மோதி, கீழே புகுந்து, அடிமண்ணைப் பிடி பிடியாக எடுத்துக்கொண்டு போகும். எடுத்ததைத் தூரம் கொண்டு போகாது. எதிர்ப்பக்கம், வளைவின் உள்ளே, தண்ணீர் சோம்பி நடக்கும் இடத்தில் போட்டுவிடும். அப்படி எங்கள் பக்கம் மடுவும் அந்தப் பக்கம் மணல்திட்டும் வளர்ந்தன. அம்மாவின் உருளைக்கிழங்குப் பாத்திகள் நான் நடை பழகிய வருஷம் போயின என்பார்கள். அக்கரையில் அந்த அளவுக்குப் புதுப் புல் முளைத்தது. அதை யாருடைய மாடோ மேய்ந்தது.

எங்கள் வீடுகள் ஆற்றை அடைத்து நிற்கும் கரைமேட்டின் முதுகில் வரிசையாக இருந்தன. யுத்தம் முடிந்து சில வருஷம் கழிந்திருந்த அந்த இலையுதிர் காலத்தில் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தார்கள். மடு கரைமேட்டின் காலடிக்கே வந்துவிட்டிருந்தது. குளிர்கால வெள்ளத்துக்கு முன் அதன்மேல் பாய் போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஏதாவது ஒரு நாள் கரைமேடு முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிடும், முதுகில் இருக்கும் எங்களையும் சேர்த்து.

வேலையை ஒப்பந்தம் எடுத்தவர் கெட்டெலார். வசந்தத்தில் ஒரு முறை கூலியை வெட்டியிருந்தார். இப்போது மறுபடி. போதாததற்குப் பாயிலும் வெட்டினார்.

"மேஸ்திரி, மூணாவது அடுக்கு எங்க?" என் அண்ணன் ஹெய்மன்தான் கேட்டான். அவன் பல்லிடுக்கில் எப்போதும் ஒரு விளார்க் குச்சி இருக்கும். அதை எடுக்காமலே பேசுவான்.

மேஸ்திரி டிங்கமன் எங்கள் தெருக்காரர், எங்கள் சபையில் மூப்பர். கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "இந்தப் பாய்க்கு ரெண்டுதான்."

"ரெண்டடுக்குல போட்டா மீனு வேணா படுத்துக்கும். ஆறு படுக்காது."

"எங்கிட்ட ஏன்டா கத்தறே? மொதலாளிகிட்ட சொல்லாமலா இருப்பேன்? 'நீ விளார் எண்ண வந்தியா, ஆள் ஓட்ட வந்தியா'ன்னு கேட்டாரு. என்னத்தச் சொல்ல?"

பாயின் மறுபாதியைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தென்கரைக் கத்தோலிக்கர்கள். நாங்கள் வடகரைப் புராட்டஸ்டண்டுகள். ஒரே பாயைக் கட்டினோம். ஆனால் அவர்களுக்குத் தனிக் குடிசை, எங்களுக்குத் தனிக் குடிசை. அவர்களுக்கு ஒரு சங்கம், எங்களுக்கு ஒரு சங்கம். கூலி வெட்டு வந்தபோது இரண்டு சங்கமும் தனித்தனி நாளில் போய்க் கெட்டெலார் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டுத் திரும்பின.

"சங்கீதக்காரங்களே!" அந்தப் பக்கத்திலிருந்து ரோக்குஸ் கத்தினான். சபையில் பைபிள் சங்கீதம் பாடுவதால் எங்களுக்கு அந்தப் பேர், கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதால் அவர்களுக்கு 'மெழுகுவத்தி'. தடித்த கழுத்தும் உடைந்த மூக்கும் உள்ள ஆள், அவர்கள் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி. "என்ன, காலைலயே பிரசங்கமா? முடிச்சைப் போடுங்கப்பா, தண்ணி ஏறுது."

"மெழுகுவத்தி, உன் வேலையப் பாரு!" எங்கள் பக்கத்துப் பௌவெல் திருப்பிக் கத்தினார். "உங்க வடம் கோணிக்கிட்டுப் போகுது. போப்பாண்டவர் வந்து நிமித்துவாரா?"

"அவருக்கு ஒடம்பு சரியில்ல. நீ வந்து நிமித்து."

ஹெய்மன் சிரித்தான். எங்களில் சிலரும் சிரித்தோம். பேச்சு அந்த அளவோடு நின்றுவிடும். சேற்றின் குறுக்கே நடந்துபோய் அவர்களோடு உட்கார்ந்து ரொட்டி தின்றவர் எவரும் கிடையாது.

*

சனிக்கிழமை காலை ஏற்றத்தில் பாய் மிதந்தது. கெட்டெலாரின் நீராவிப் படகு அதை இழுத்து மடுவுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துவதற்குள் தண்ணீர் நிற்கும் நேரம் கடந்துவிட்டது.

ஆறு எப்போதும் நிற்காது. கடல் ஏறி வந்து அதன் மார்பில் கைவைத்துத் தள்ளும்போது மட்டும், தள்ளுகிறவனும் தள்ளப்படுகிறவனும் சமமாகிற கொஞ்ச நேரம், மேலே கிடக்கும் சருகுகூட நகராமல் நிற்கும். பாயை அப்போதுதான் இறக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் இறக்கினால் மேலாற்றைப் பார்த்த மேல்விளிம்புக்கு அடியில் ஆறு கைவிட்டுப் புரட்டிவிடும்.

அடுத்து தண்ணீர் நிற்பது அன்று இரவு. அதைத் தொட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கிழிந்த சட்டைக்கு ஊசி எடுக்க மாட்டார்கள்.

கத்தோலிக்க ஆட்களை மதியமே கெட்டெலார் அக்கரைக்கு அனுப்பிவிட்டிருந்தார். நாங்கள் கல் ஏற்றிய தோணிகளில் நின்றிருந்தோம். அவர் நீராவிப் படகின் பின்தளத்தில், கையுறை போட்ட கையில் குடையோடு நின்றார்.

"பாய் நிக்குது. கல்லு நிக்குது. ஆளுங்க நிக்கறீங்க. எல்லாம் எதுக்காகய்யா நிக்குது?"

"தண்ணி நிக்கல மொதலாளி, அதுக்காகத்தான்" என்றான் ஹெய்மன்.

தோணியில் யாரோ களுக்கென்றார்கள். கெட்டெலாரும் லேசாகச் சிரித்தார்.

"எப்போ நிக்குமாம்?"

"ராத்திரி. இருட்டுல ஆகாது. திங்கக்கிழமை வெச்சுக்கலாம். அது வரைக்கும் நங்கூரம் தாங்கும்."

"திங்கக்கிழமை இந்தப் படகு வேற எடத்துல இருக்கணும். வாடகைய உங்கப்பனா குடுப்பான்?" குரலை உயர்த்தவில்லை, கடையில் சாமான் கேட்பதுபோலத்தான் பேசினார். "நீங்க ஞாயித்துக்கிழமை கையெடுக்க மாட்டீங்க. நல்லது, அது உங்க மனசாட்சி, நான் குறுக்க வர மாட்டேன். தென்கரை ஆளுங்க பூசை முடிச்சிட்டு நாளைக்கு வந்து எறக்கித் தர்றோம்னுட்டாங்க. அப்போ அடுத்த வாரத்துல இருந்து மொத்த வேலையும் அவங்களுக்கே குடுத்துடறேன். யாருக்கும் வருத்தம் வேண்டாம்."

தோணியின் விலாவில் தண்ணீர் உரசிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. முன்னால் குளிர்காலம் முழுவதும் கிடந்தது. தென்கரைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையை மதிக்காதவர்கள் என்று தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் கெட்டெலார் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. அக்கரைக்கு ஒரு ஆளை அனுப்பி, 'நிஜமாவா?' என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"மெழுகுவத்திப் பயலுக" என்றார் பௌவெல், தோணியின் தளத்தைப் பார்த்து.

டிங்கமன் மேஸ்திரி தொப்பியை எடுத்து மறுபடி வைத்தார். "மெதுவா எறக்கிப் பார்ப்போம். மேல்மூலைல ஆள் நிக்கட்டும், கல்லு சமமா விழற மாதிரி பார்த்துக்கட்டும். ஹெய்மன்..."

"சரி, நான் நிக்கறேன்" என்றான் அவன். வாயிலிருந்த குச்சியைத் துப்பிவிட்டுப் பாயின்மேல் குதித்தான். அது அவன் காலடியில் பெரிய மிருகத்தின் முதுகு மாதிரி அமுங்கி எழுந்தது.

கல் எறிய ஆரம்பித்தோம். ஒவ்வொரு கல்லுக்கும் பாய் முனகியது. விளார்களுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது. மூன்றாவது அடுக்கு இருந்திருந்தால் அது விறைப்பாக நின்றிருக்கும். இரண்டடுக்குப் பாய் நடுவில் தொய்ந்து, மேல்விளிம்பு திடீரென்று கீழே குனிந்தது. அந்தக் குனிவுக்குள் ஆறு நுழைந்தது.

"ஏறுடா! ஏறு!" மேஸ்திரி கத்தினார்.

ஹெய்மன் தோணியை நோக்கி ஓடி வந்தான். கொஞ்ச தூரம்தான். நான் கொக்கிக் கழியை நீட்டிக்கொண்டு நின்றேன். குட்டி வேலி ஒன்றில் அவன் பூட்ஸ் மாட்டியது. குனிந்து இழுத்தான். அவன் முகத்தில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. சரியாக நுழையாத சாவியோடு மல்லுக்கட்டுகிறவனின் எரிச்சல். பாய் போர்வையை மடிப்பதுபோல் மடிந்து அவன்மேல் விழுந்து, கல்லோடும் கயிறோடும் போய்விட்டது. நங்கூரக் கயிறு ஒன்று அறுந்து எங்கள் தலைக்கு மேல் விசிறியது. பிறகு பழுப்புத் தண்ணீர்தான்.

இருட்டும்வரை கொக்கிபோட்டுத் துழாவினோம். பிறகு இரவில் தண்ணீர் நின்றது. எங்களுக்கு அப்போது அது தேவைப்படவில்லை.

*

மடுவில் போனது எதிரே திட்டில் வரும் என்று எங்களுக்குத் தெரியும். தினமும் கரைமேட்டில் நின்று அக்கரையைப் பார்ப்பேன். அண்ணி ஆலிடா பார்க்க மாட்டாள். வீட்டுக்குள் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். துடைத்ததையே திரும்பத் துடைப்பாள்.

அடுத்த வாரம் ஒரு மதியம் தென்கரையிலிருந்து ஒரு படகு வந்தது. ரோக்குஸும் அவன் ஆட்கள் சிலரும் இருந்தார்கள். நடுவில் தார்ப்பாய் போர்த்தி, அதன்மேல் பச்சை விளார் ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். கரைமேட்டின் படிகளில் அவர்கள் அவனைத் தூக்கி வந்தபோது எங்கள் தெருவின் கதவுகள் திறந்தன. தென்கரைக்காரர்கள் அந்தப் படிகளில் ஏறி நான் பார்த்ததில்லை.

ரோக்குஸ் வாசலுக்கு வெளியே நின்றான்.

"திட்டு மேல இருந்தான்மா. ஆறு பதமாத்தான் படுக்க வெச்சிருந்துச்சு. மொகத்துல மணல் மட்டும்... அதை நாங்க கழுவிட்டோம்." தொப்பியைப் பிசைந்தான். "கழுவறப்போ பழக்கத்துல சிலுவையும் போட்டுட்டோம். உங்களுக்கு ஆகாதுன்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு."

ஆலிடா கதவை அகலத் திறந்தாள். "போட்டா என்ன? உள்ள வாங்க. எல்லாரும் நனைஞ்சிருக்கீங்க."

அவனை உள்ளறையில் கிடத்திவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தார்கள். சிக்கரிக் காப்பி கொடுத்தேன். அது சுட்டது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பௌவெல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார், உட்காரவில்லை. ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"காப்பி குடிக்கற வாயாலதானே சொன்னீங்க, ஞாயித்துக்கிழமை நாங்க எறக்கறோம்னு. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாம இருந்திருந்தா இவன் இன்னைக்கு இங்க உக்காந்திருப்பான்."

ரோக்குஸ் கோப்பையை வைத்தான். "எந்த வார்த்தை?"

"நடிக்காதப்பா."

"பெரியவரே, செத்த வீட்டுல நான் நடிக்க மாட்டேன். எந்த வார்த்தை?"

பௌவெல் சொன்னார். கெட்டெலார் சொன்ன மாதிரியே, பூசை முடித்துவிட்டு வருவது, மொத்த வேலையும் அவர்களுக்கே என்பது, எல்லாம். ரோக்குஸ் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கள யாரும் ஒண்ணும் கேக்கல" என்றான். "ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனா எங்க சாமியார் பிரசங்க மேடைல நின்னு பேர் சொல்லித் திட்டுவாரு. நாங்க எப்படிப்பா ஒத்துக்குவோம்? திங்கக்கிழமை கெட்டெலார் எங்ககிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'வடகரை ஆளுங்க ஓடற தண்ணிலயே எறக்கறோம்னு அவங்களா வந்து நின்னாங்க. இனிமே நீங்களும் அப்படித்தான் எறக்கணும். முடியாதுன்னா சொல்லுங்க, அவங்களே போதும்'னாரு."

"நாங்களா?"

"நீங்கதான். உங்களை அன்னைக்குப் பூரா திட்டினோம். சங்கீதம் பாடிப் பாடி மூளை கரைஞ்சுபோச்சு இவனுங்களுக்குன்னு."

பௌவெல் மெதுவாகச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். அடுப்பில் விறகு சரிந்தது. வெளியே தெருவில் யாரோ மரச்செருப்புச் சத்தத்தோடு நடந்து போனார்கள்.

"ஒரு படகு தூரம்" என்றாள் ஆலிடா. யாரிடமும் இல்லை, மேஜையிடம் சொன்னதுபோல. "ஒரு படகு தூரத்துல இருந்திருக்கீங்க ரெண்டு பேரும்."

அடக்கத்தன்று எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் கத்தோலிக்கர்கள் வரக்கூடாது. அவர்கள் வேலிக்கு வெளியே மழையில் வெறுந்தலையோடு நின்றார்கள், கடைசி மண் விழும்வரை.

*

கெட்டெலார் கரைமேட்டுக்கு வந்தது அதற்கு மறுநாள். கையில் குடை. இம்முறை இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"எனக்கும் வருத்தந்தான். நல்ல ஆளு. ஆனா ஆறு துக்கம் காக்காது. மடிஞ்சு கெடக்கற பாய் அங்க ஒண்ணுத்துக்கும் ஆகாது. புதுசு கட்டணும், இந்த வாரமே."

"மூணு அடுக்கு" என்றான் ரோக்குஸ்.

"ரெண்டு."

"தண்ணி நின்னப்புறந்தான் கல்லு" என்றேன் நான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"படகு எப்போ கெடைக்குதோ அப்போ."

"வெட்டின கூலிய திருப்பிக் குடுங்க" என்றார் பௌவெல். "ஹெய்மன் கூலி இந்தக் குளிர்காலம் முச்சூடும் அவன் வீட்டுக்குப் போகணும்."

கெட்டெலார் பௌவெலைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார். "முடியாதுன்னா?"

"கையெடுக்க மாட்டோம்."

"தாராளமா." குடையின் நுனியால் தரையை, எங்கள் வீடுகள் நின்ற அந்த மண்ணை, இரண்டு தரம் தட்டினார். "இதுக்கு அடியில மடு இருக்கு. பாய் போடலேன்னா எனக்கு ஒரு ஒப்பந்தம் போகும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் வேற ஆத்துல வேற ஒப்பந்தம். உங்களுக்கு என்ன போகும்னு நான் சொல்லணுமா? நீங்க வேலைய நிறுத்தலாம். அது நிறுத்தாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் நின்றோம். அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் எங்களைத் தளர வைத்தது. எவ்வளவு களைத்திருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதுகு, தோள், விளார் கிழித்த விரல்கள், எல்லாம் ஒரே நேரத்தில் வலித்தன.

"அப்போ கட்டித்தான் ஆகணுமா?" யாரோ கேட்டார்கள்.

"கட்டுங்க" என்றாள் ஆலிடா. அவள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கையில் இன்னும் துடைக்கும் துணி இருந்தது. "மடுவ மூடுங்க. ஆனா உங்க கைக்குத் தெரிஞ்ச மாதிரி மூடுங்க. அது நமக்கு. கீழே திட்டுக்குப் பக்கத்துல கப்பல் வழிக்காக இன்னொரு ஒப்பந்தம் எடுத்துத் தடுப்பு கட்டறானே அந்தக் குடைக்காரன், பனிக்கு முன்னாடி முடிச்சுத் தர்றேன்னு எழுதிக் குடுத்திருக்கானே, அது யாருக்கு?"

"அவருக்கு" என்றார் பௌவெல்.

"அதுல ஒரு குச்சி வெக்காதீங்க. மடு மூடினப்புறம் நம்மளப் பயம் காட்ட அவன்கிட்ட என்ன இருக்கு?"

ரோக்குஸ் உடைந்த மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "எங்க வீட்டுக்காரி இங்க இல்லாதது நல்லதாப் போச்சு" என்றான். "ரெண்டு பேரும் சேந்தா என்னை வீட்ட விட்டே தொரத்திடுவாளுங்க." முதல் தடவையாக ஆலிடாவின் வாயோரம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

*

புதுப் பாயைக் கட்டினோம். தடுப்பு வேலைக்கென்று கரையில் அடுக்கி வைத்திருந்த விளார்க் கட்டுகளைத் தூக்கி வந்து மூன்றாவது அடுக்காகப் பரப்பினோம். டிங்கமன் மேஸ்திரி அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைப் பற்ற வைத்தார். அது ரொம்ப நேரம் பற்றவில்லை.

இம்முறை முந்தின நாள் ஏற்றத்திலேயே பாயை மிதக்கவிட்டு மடுவுக்கு மேல் கட்டி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை முற்பகல் தண்ணீர் நிற்கும். இரண்டு கூட்டமும் கலந்து தோணிகளில் நின்றோம். பாயின்மேல் ஆள் இல்லை. அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தோம். எல்லோர் கையிலும் ஆளுக்கொரு கல். கெட்டெலார் நீராவிப் படகில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும், ஆரம்பிங்க" என்றார்.

மேஸ்திரி எங்களைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். கையை உயர்த்தினார். "எறி!"

யாரும் எறியவில்லை.

"டிங்கமன், உங்க ஆளுங்களுக்குக் காது கேக்கலையா?"

"எறிங்கப்பா!" மேஸ்திரியின் குரல் உடைந்தது.

கருங்கல்லை எறிவது சுலபம். பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். விரல்கள் முதலில் குளிர்ந்தன, பிறகு எரிந்தன. எனக்கு இடப்பக்கம் நின்ற தென்கரைக்காரன், அவன் பேர்கூட எனக்கு அன்று தெரியாது, தன் தொடையை என் கல்லுக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். எதிர்த் தோணியில் ரோக்குஸின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன.

"இந்தத் தண்ணி போச்சுன்னா படகும் போச்சு. ஒவ்வொருத்தன் கூலியிலயும் பிடிப்பேன்! கேக்குதா? ஒவ்வொருத்தன்!"

"கேக்குது மொதலாளி" என்றான் ரோக்குஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. "கை ரெண்டும் வேலையா இருக்கு, இல்லேன்னா காதைப் பொத்தியிருப்பேன்."

டிங்கமன் மேஸ்திரி கையை இறக்கினார். கெட்டெலாரைப் பார்க்காமல் தோணியின் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து ஒரு கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மேலே மிதந்த வில்லோ இலை ஒன்றைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது போய்க்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகப் போனது. பிறகு கொஞ்சம் திரும்பியது. பிறகு நின்றது.

யார் சொன்னது என்று இன்றும் எனக்குத் தெரியாது. தென்கரைப் பேச்சில் ஒரு குரல் "இப்போ" என்றது. எல்லாக் கல்லும் ஒரே நேரத்தில் போயின. பிறகு அடுத்தது, அடுத்தது, மூச்சு விடாமல். பாய் மூலை சாயாமல், மேஜை விரிப்பு மாதிரி, தட்டையாகக் கீழே போயிற்று. அது போன இடத்தில் குமிழிகள் ரொம்ப நேரம் வந்துகொண்டிருந்தன. கரைமேட்டில் பெண்கள் கூடி நின்றிருந்தார்கள். ஆலிடா திரும்பி வீட்டுக்குள் போனாள்.

*

திங்கட்கிழமை விடியலில் சேற்றுச் சரிவில் உட்கார்ந்திருந்தோம். தடுப்பு வேலைக்கென்று முன்பு பாதி கட்டிப்போட்டிருந்த வடங்கள் எங்களுக்கு முன்னால் பனி படர்ந்து கிடந்தன. யாரும் தொடவில்லை. வேலை செய்யாமல் அந்தக் குளிரில் இருப்பது வேலை செய்வதைவிடப் பாடாக இருந்தது. சனிக்கிழமை கூலி தரவில்லை. எத்தனை நாள் தாங்குவோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரோக்குஸ் ஒரு தடவை ஏதோ வேடிக்கை சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான்.

வெளிச்சம் வந்தபோது நீராவிப் படகு மேலாற்றிலிருந்து வந்தது. தளம் நிறைய ஆட்கள். தெரியாத தொப்பிகள், தோளில் ரொட்டி மூட்டைகள். வேறு ஊர்க்காரர்கள். கெட்டெலார் அவர்களோடு வரவில்லை.

எங்களில் இளைஞர்கள் எழுந்தார்கள். ஒருவன் சேற்றிலிருந்து கழியை உருவினான்.

"கீழ வை" என்றார் பௌவெல். "ஒரு தடவை கேக்காம போனோம்."

அவர்களில் ஒருவன், நடுவயது, ஒட்டிய கன்னம், படகிலிருந்து சேற்றில் இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றான். எங்கள் கைகளில் கட்டியிருந்த கறுப்புத் துணிகளைப் பார்த்தான். பாதியில் கிடந்த வடங்களைப் பார்த்தான்.

"இங்க வேலை இருக்குன்னு சொன்னாங்களே" என்றான்.

"இருக்கு" என்றான் ரோக்குஸ்.

"நீங்கல்லாம் யாரு?"

"அந்த வேலைக்காரங்க."

அவன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். "உங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டீங்களாம். யாரும் இல்லேன்னுதான் எங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க."

பௌவெல் எழுந்து அவனுக்கு முன்னால் போய் நின்றார். "யாரு சொன்னது, எப்போ சொன்னது, என்ன வார்த்தை சொன்னதுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. அப்புறம் எங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு நாங்க சொல்றோம்."

நான் உட்கார்ந்திருந்த பலகையில் நகர்ந்து இடம் விட்டேன். அவன் யோசித்துவிட்டு மூட்டையை இறக்கி வைத்து உட்கார்ந்தான். படகிலிருந்து இன்னும் சிலர் இறங்கினார்கள். இறங்காமல் நின்றவர்களும் இருந்தார்கள். ஆறு சரிவில் ஏறத் தொடங்கியிருந்தது. படகு ஊதியது. அவன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"செத்தது யாரு?" என்று கேட்டான்.

"என் அண்ணன்" என்றேன். மேலே சொல்லத் தொடங்கினேன்.